ஒரு கதவும் இரண்டு ஆலோசகர்களும்

கார்க் கதவு கராஜின் தரையில் கிடந்தது. பக்கத்தில் பத்மநாதன் குந்தியிருந்தார். அவருடைய உள்ளங்கையில் சில ஆணிகள். அவற்றில் எது மேலே இருந்து கழற்றியது, எது கீழே இருந்து கழற்றியது என்பது மறந்துபோயிருந்தது.

வீட்டுக்குள்ளிருந்து கராஜுக்கு இறங்கும் வாசலில் மனைவி மங்கையற்கரசி வந்து நின்றாள். கையில் தோசைக் கரண்டி.

"கதவு கிறீச்செண்டு சத்தம் போடுது எண்டுதானே சொன்னனீங்கள்?"

"ஓம்."

"இப்ப சத்தம் இல்லை," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

பத்மநாதனுக்கு வீடு மில்லிக்கனில். வேலை மிசிசாகாவில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில், சரக்கு அனுப்பும் கந்தோர் ஒன்றில். ஐம்பது வயது வரைக்கும் கார்களைப் பற்றி அவர் அறிந்திருந்தது பெற்றோல் எந்தப் பக்கத்தால் அடிப்பது என்பதை மட்டும்தான். அந்த இலையுதிர்காலத் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை, ஸ்ரௌவ்வில் பக்கம் புது வீடுகள் கட்டுகிறார்களாம் என்று கேள்விப்பட்டு, சும்மா பார்த்துவிட்டு வருகிறேன் என்று புறப்பட்டுப் போனார். அங்கே காணியை விற்றுவிட்டு அப்பார்ட்மெண்டுக்குப் போகவிருந்த வெள்ளைக்காரக் கிழவர் ஒருவரின் வாசலில் ஒரு கார் நின்றது. அறுபத்தாறாம் ஆண்டு பியூக். வள்ளம் போல் நீளம், கடல் நீலம். வெயிலில் நிறம் கொஞ்சம் மங்கியிருந்ததே தவிர மற்றப்படி குறை சொல்ல ஒன்றும் இல்லை. திறப்பைத் திருப்பியதும் எஞ்சின் ஒரு தரம் செருமிவிட்டு ஓடத் தொடங்கியது. சாரதிப் பக்கத்துக் கதவு மட்டும் திறக்கும்போது கிறீச்சிட்டது.

வீடு பார்க்கப் போன மனிதர் கார் வாங்கிக்கொண்டு வந்தார்.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. மகள் நிரூபாவுக்கு அடுத்த ஓகஸ்ட் மாதம் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் தேத்தண்ணிக்கு வந்திருந்தபோது, எல்லாருக்கும் முன்னால், "பொம்பிளை இந்தக் காரிலதான் மண்டபத்துக்கு வருவா" என்று பத்மநாதன் சொல்லிவிட்டார். மாப்பிள்ளையின் தகப்பனுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. லண்டனில் இருந்த சொந்தக்காரர்களுக்கும் போன் எடுத்துச் சொன்னார். அவர்களில் சிலர் கல்யாணத்தைவிடக் காரைப் பார்க்கத்தான் வருவதாகக் கேள்வி.

ஊரெல்லாம் பார்த்து நிற்கும்போது கதவு கிறீச்சிட்டால் நன்றாகவா இருக்கும்?

"தையல் மெசின் எண்ணெயில ரெண்டு சொட்டு விடுங்கோ, போயிடும்," என்றாள் மங்கையற்கரசி.

இவ்வளவு பெரிய காருக்கு இவ்வளவு சின்ன வைத்தியமா என்று பத்மநாதனுக்குப் பட்டது. அவர் கோப்பிக்கடைக்குப் போனார்.

ஸ்ரீல்ஸ் வீதியில் இருந்த அந்தக் கோப்பிக்கடையில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பழைய கார்ப் பைத்தியம் பிடித்தவர்கள் கூடுவார்கள். அவர்களில் தமிழர் இரண்டு பேர். இராசரத்தினம் அண்ணை கொழும்பில் ஒரு தூதரகத்தில் கணக்கு எழுதியவர். அங்கே நின்ற அமெரிக்கக் கார்களை வருடக்கணக்காக யன்னலுக்குள்ளால் பார்த்த அனுபவம் அவருக்கு இருந்தது. ஸ்ரீநிவாசன் சென்னைக்காரர், ரசாயனப் பொறியியலாளர். பழைய கார்களைப் பற்றி வரும் சஞ்சிகைகள் எல்லாவற்றுக்கும் சந்தா கட்டியிருந்தார். இருவரிடமும் பழைய கார் கிடையாது. அதனால் பத்மநாதனின் காருக்கு ஒதுக்க இருவரிடமும் நிறைய நேரம் இருந்தது.

"எண்ணெயோ?" இராசரத்தினம் அண்ணை கோப்பிக் கப்பை மேசையில் வைத்தார். "தம்பி, உது என்ன வேலிப் படலையே எண்ணெய் விட? பிணைச்சலைக் கழட்டி, கழுவி, கிறீஸ் பூசிப் பூட்ட வேணும். அதுதான் முறை."

"ஹிஞ்ச் தனியா வராது, பத்மநாபன் சார்," என்றார் ஸ்ரீநிவாசன். அவர் வாயில் பத்மநாதன் என்ற பெயர் ஒருநாளும் வந்ததில்லை. "கதவையே எடுக்கணும்."

ஆலோசகர்கள் இருவரும் ஒரே விசயத்தில் ஒத்துப்போனது அந்த ஒரு முறைதான். அதை நம்பித்தான் கதவு தரைக்கு வந்தது.

திரும்பப் பூட்டும்போது மூன்று பேரும் பிடிக்க வேண்டியிருந்தது. ஒரு வழியாகப் பூட்டி முடித்தார்கள். கிறீச்சொலி அடியோடு போய்விட்டது. ஆனால் கதவு ஒரு விரலளவு இறங்கியிருந்தது. மூடிப் பார்த்தபோது அது முன் மட்காட்டோடு உரசி, நீலப் பெயின்றை நாடாபோல நீளத்துக்கு உரித்துக்கொண்டு வந்தது.

"உரிஞ்ச இடத்துக்கு மட்டும் கொஞ்சம் பெயின்ற் பூசினால் என்ன?" என்று கேட்டார் பத்மநாதன்.

ஸ்ரீநிவாசன் அனுதாபத்தோடு சிரித்தார். "முப்பது வருஷம் வெயில்ல நின்ன நீலம் சார் இது. கடையில கிடைக்காது. அங்க மட்டும் பூசினா பிளாஸ்திரி ஒட்டின மாதிரி இருக்கும். பழசை முழுசா எடுத்துட்டு மொத்தமா அடிச்சிடலாம்."

"முழுசா எண்டால்?"

"மெட்டல் தெரியற வரைக்கும்."

பெயின்றைக் கரைக்கும் மருந்து வாளி வாளியாக வந்தது. அதைப் பூசிச் சுரண்டும் வேலையில் பத்மநாதனுக்கு ஒரு ருசி ஏற்பட்டுவிட்டது. வேலையால் வந்து உடுப்பு மாற்றியதும் கராஜுக்குள் இறங்கிவிடுவார். நீலம் சுருள் சுருளாகக் கழன்று விழும். மருந்தின் நெடி மட்டும் அவரோடு கராஜில் தங்காமல் படியேறி வீட்டுக்குள் போனது. ஒருநாள் மங்கையற்கரசி கல்யாணக் கூறைச்சேலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து அவர் மூக்குக்கு நேரே பிடித்தாள்.

"மணந்து பாருங்கோ."

மணந்து பார்த்தார். கண்ணில் தண்ணீர் வந்தது.

"இதை உடுத்துக்கொண்டு பிள்ளை மணவறையில இருந்தால் ஐயர் மயங்கி விழுந்திடுவார். இண்டையோட உந்த மருந்தை நிப்பாட்டுங்கோ."

நிறுத்தினார். அதற்குள் முன்மூடியும் கதவுகளும் பக்கங்களும் வெறும் தகடாகியிருந்தன. கூரையும் பின்மூடியும் நீலமாகவே தப்பின.

தகட்டுக்கு உடனே அடிப்பூச்சுப் பூச வேண்டும் என்று ஸ்ரீநிவாசன் சொன்னார். கண்ட அடிப்பூச்சையும் பூச விடமாட்டேன், அந்தக் காலத்தில் பூசிய அதே வகை வேண்டும், தான் தேடித் தருகிறேன் என்றார் இராசரத்தினம் அண்ணை. அவர் தேடிக்கொண்டிருக்கும்போது பனிக்காலம் வந்துவிட்டது. பத்மநாதன் வேலைக்கு ஓடும் சின்னக் கார் தினமும் பின்னேரம் நெடுஞ்சாலையின் பனியையும் உப்பையும் வயிற்றில் ஒட்டிக்கொண்டு வந்து பியூக்கின் பக்கத்தில் நிற்கும். இரவு முழுக்க உருகி ஒழுகும். கராஜ் குளியலறை போல ஈரமாக இருந்தது.

பனி கரையும் காலம் வந்தபோது கார் மண்ணிறமாகியிருந்தது.

"கறள்," என்றார் இராசரத்தினம் அண்ணை, விரலால் தொட்டுப் பார்த்து.

"துரு," என்றார் ஸ்ரீநிவாசன்.

பெயரிலேயே ஒத்துவராதவர்கள் வைத்தியத்தில் எப்படி ஒத்துவருவார்கள்? வினாகிரியில் துணியை நனைத்துச் சுற்றிவைத்தால் எல்லாம் கரைந்துவிடும் என்று ஸ்ரீநிவாசன் சஞ்சிகையில் படித்திருந்தார். "கறளை எழுப்பாதேங்கோ, எஞ்சின் ஒயிலால துடைச்சு அப்பிடியே படுக்க விடுங்கோ" என்று இராசரத்தினம் அண்ணை அடித்துச் சொன்னார். யாருடைய மனதையும் நோகவைக்க விரும்பாத பத்மநாதன் இரண்டையும் செய்தார். வினாகிரி கறளைக் கரைக்கத் தொடங்கியது. பாதியில் ஒயில் வந்து அதைத் தடுத்தது. கூரையும் பின்மூடியும் தவிரக் கார் முழுவதும் ஒரே சீரான, மங்கலான, பழைய செப்புக் குடத்தின் நிறம் வந்து நிலைத்துவிட்டது. வீடு ஊறுகாய்ப் போத்தலைத் திறந்து வைத்தது போல மணத்தது.

"இப்ப நான் என்ன செய்ய?" என்று கேட்டார் பத்மநாதன்.

"பொறுமை வேணும் தம்பி," என்றார் அண்ணை.

மனதைத் தேற்றிக்கொள்ள பத்மநாதன் தன்பாட்டில் ஒரு காரியம் செய்தார். புதுக் கண்ணாடிகளும் பளபளவென்று ஒரு பம்பரும் வாங்கிவந்து பூட்டினார். சீற்றுகளுக்குப் புது உறை போடுவித்தார். மண்ணிறக் காரில் அவை மட்டும் மின்னின. அவருக்கு அதைப் பார்க்க ஆறுதலாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்த இராசரத்தினம் அண்ணை வாசலிலேயே நின்றுவிட்டார். முகம் செத்தவீட்டுக்கு வந்தவர் போல இருந்தது.

"தம்பி, உது ஒறிஜினல் இல்லை."

"வடிவா இருக்குத்தானே அண்ணை?"

"வடிவு ஆருக்கு வேணும்? உதைப் பாத்தால் விசயம் தெரிஞ்ச ஆக்கள் காறித் துப்புவினம். ஒரு ஆணி எண்டாலும் அந்த வருசத்து ஆணியா இருக்க வேணும். கழட்டுங்கோ."

நகரத்துக்கு வடக்கே, பழைய கார்களைப் போட்டுவைக்கும் ஒரு வெட்டவெளிக்கு அவர் பத்மநாதனைக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே புல்லுக்குள் அதே ஆண்டு, அதே நீலத்தில் ஒரு பியூக், பக்கமெல்லாம் கறளேறிக் கிடந்தது. அண்ணை அதைப் பார்த்துக் கைகூப்பாத குறைதான். அதன் பம்பரையும் கண்ணாடிகளையும் சீற்றுகளையும் கழற்றினார்கள். இறங்கிப்போயிருந்த சாரதிப் பக்கத்துக் கதவுக்குப் பதிலாக அதன் கதவையும் எடுத்தார்கள். பம்பர் புள்ளி புள்ளியாக உரிந்திருந்தது. சீற்றுக்குள் எலி குடும்பம் நடத்திய அடையாளம் தெரிந்தது. ஆனால் எல்லாம் ஒறிஜினல். வீட்டுக்கு வந்து புதியதையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, பழையதையெல்லாம் கவனமாகப் பூட்டினார்கள். கதவுகூட அச்சாகப் பொருந்தியது. அண்ணைக்குக் கண் கலங்கியது.

எஞ்சினில் மட்டும் ஒருவரும் கை வைக்கவில்லை. அண்ணை தொடுவதை ஸ்ரீநிவாசன் விடவில்லை. ஸ்ரீநிவாசன் தொடுவதை அண்ணை விடவில்லை. அதனால் அது நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

இனி எஞ்சியது பெயின்ற். பத்மநாதன் பெயின்ற் அடிக்கும் கடை கடையாக ஏறி இறங்கினார். காரை வந்து பார்த்தவர்கள் எல்லாரும் கையில் வேலை நிறைய, கோடை முடியட்டும் என்றார்கள். கோடை முடியும்போது கல்யாணமும் முடிந்திருக்கும்.

நிரூபா கராஜுக்குள் வந்து காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"அப்பா, சீரியஸா? நான் சாறியோட இதிலயா வாறது? இற் லுக்ஸ் லைக் யாரோ லேக்குக்குள்ள இருந்து வெளியில எடுத்த மாதிரி."

"பெயின்ற் அடிச்சால் சரியா வரும் பிள்ளை."

"அப்ப எப்ப அடிப்பீங்கள்?"

அன்று இரவுச் சாப்பாட்டின்போது மங்கையற்கரசி, வாடகைக்கு ஒரு வெள்ளை லிமோசின் பேசி வைத்திருப்பதாகச் சொன்னாள். பத்மநாதன் தலையாட்டினார். மாப்பிள்ளையின் தகப்பனுக்கு என்ன சொல்வது என்று யோசித்தபடியே சோற்றைப் பிசைந்தார், சாப்பிடவில்லை. காரை விற்றுவிடுவது என்று தீர்மானித்தது அப்போதுதான்.

யூலை மாதத்தில் மார்க்கம் பக்கம் ஒரு மைதானத்தில் பழைய கார்களின் கண்காட்சி. வாங்குகிறவர்களும் அங்கேதான் வருவார்கள். அவருடைய காரை இராசரத்தினம் அண்ணை குளிர்காலத்திலேயே போட்டிக்குப் பதிந்து வைத்திருந்தார். பத்மநாதன் காரை ஓட்டிக்கொண்டு புறப்பட்டார். அது திரும்பி வந்துவிடக் கூடாது என்பதில் உறுதியாக இருந்த மங்கையற்கரசியும் ஏறி உட்கார்ந்துகொண்டாள். இருவரையும் திரும்பக் கூட்டிவருவதற்காக நிரூபா சின்னக் காரில் பின்னால் வந்தாள்.

மைதானத்தில் கண் கூசியது. சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகக் கார்கள் கண்ணாடி போல மின்னின. ஒருவர் பல் தீட்டும் தூரிகையால் சில்லுக் கம்பிகளைத் துலக்கிக்கொண்டிருந்தார். பத்மநாதன் தன் காரை ஒரு மூலையில், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அதற்குள் ஒருவர் வந்து, குப்பை ஏற்றும் வண்டிக்கு வழிவிடச் சொன்னார்.

நடுவர்களுக்குத் தலைவியாக வந்தவர் வேரோனிக்கா என்ற வெள்ளைக்கார அம்மா. பெரிய ஓலைத் தொப்பி. அவர் எழுதியவற்றை ஸ்ரீநிவாசன் சஞ்சிகைகளில் கோடு போட்டுப் படித்திருந்தார். மற்றக் கார்களை நின்ற நின்றபடியே பார்த்துவிட்டு வந்த அம்மா, பத்மநாதனின் காருக்கு முன்னால் வந்ததும் நின்றார். சுற்றி நடந்தார். குனிந்து ரோச் அடித்துக் கீழே பார்த்தார். முன்மூடியின் கறளை விரல் நுனியால் மெல்லத் தொட்டார். கிழிந்த சீற்றைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தார். பிறகு பத்மநாதனை நிமிர்ந்து பார்த்து, அவருடைய கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்.

"என்னப்பா, அந்த மனிசிக்குக் கண் கலங்கின மாதிரி இருக்கு?" என்றாள் மங்கையற்கரசி.

"பாவம் பாக்கிறா போல," என்றார் பத்மநாதன்.

கொஞ்ச நேரத்தில் தடித்த மீசைக்காரன் ஒருவன் வந்தான். உதிரிப்பாக வியாபாரம். நாளைக்கே இழுத்துக்கொண்டு போய், கதவு வேறு, பம்பர் வேறு, எஞ்சின் வேறு என்று பிரித்து விற்றுவிடுவேன் என்றான். பத்மநாதன் திறப்பை எடுத்தார். எடுத்தவர் கொடுக்கவில்லை. கைலேஞ்சியால் ஸ்ரியரிங்கைத் துடைக்கத் தொடங்கினார்.

மங்கையற்கரசி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "எல்லாத்தையும் தனித்தனியாவோ கழட்டப் போறான்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஓம்."

"உங்களுக்கு அது பரவாயில்லையோ?"

"முதல் கழட்டினது நான்தானே. அவனை நான் என்னத்தைச் சொல்ல?"

நிரூபா குளிர்பானக் கப்பைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தாள்.

"அப்பா, விக்காதேங்கோ."

"ஏன் பிள்ளை?"

"ஐ டோன்ற் நோ. முந்தி நீங்கள் வேலையால வந்து ரீவிக்கு முன்னால நித்திரை கொள்ளுவீங்கள். இந்த வருசம் ஒருநாளும் அப்பிடிப் பாக்கேல்லை. சீற்றில வடிவா ஒரு பெட்சீற் விரியுங்கோ. நான் இதிலயே வாறன்."

"மாப்பிள்ளை என்ன நினைப்பார்?"

"அவர் என்னைத்தானே மெரி பண்றார், காரை இல்லையே."

"லிமோசின்?" என்று பத்மநாதன் மனைவியைப் பார்த்தார்.

"அதில நானும் சம்பந்தியம்மாவும் வாறம்," என்றாள் மங்கையற்கரசி.

மீசைக்காரனை அனுப்பிவிட்டுத் திறப்பைப் பையில் போட்ட கையோடு ஒலிபெருக்கி கரகரத்தது. "மிஸ்டர் பாட்மா நேத்தன்" என்று யாரோ அழைத்தார்கள். காரை அகற்றச் சொல்கிறார்கள் என்று நினைத்துப் பத்மநாதன் ஓடினார். மேடையில் வேரோனிக்கா கையில் ஒரு வெள்ளிக் கிண்ணத்தோடு நின்றார். அவரை மேலே வரும்படி சைகை காட்டினார்.

எங்கிருந்தோ இராசரத்தினம் அண்ணையும் ஸ்ரீநிவாசனும் ஓடி வந்து அவருக்கு முன்னதாகவே மேடையில் ஏறினார்கள்.

"நான் சொன்னனே, ஒறிஜினல் எண்டு," என்றார் அண்ணை மூச்சு வாங்க.

"எல்லாம் வினிகர் வேலை சார்," என்றார் ஸ்ரீநிவாசன்.

இருவரும் பத்மநாதனின் இரண்டு பக்கமும் நின்று தலைமயிரைக் கோதிவிட்டுக்கொண்டார்கள். வேரோனிக்கா ஒலிவாங்கியைப் பிடித்து நீளமாகப் பேசினார். மைதானம் எழுந்து நின்று கைதட்டியது. அண்ணையின் சிரிப்பு முதலில் நின்றது. பிறகு ஸ்ரீநிவாசனின் சிரிப்பு நின்றது. பத்மநாதன் கிண்ணத்தைப் பார்த்தார். தூரத்தில் நின்ற காரைப் பார்த்தார். பிறகு தன் இரண்டு கைகளையும் பார்த்தார்.

ஒலிபெருக்கியின் இரைச்சலில் மங்கையற்கரசிக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. பக்கத்தில் நிரூபா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"என்னடி, என்னவாம்? எதுக்காம் பரிசு?"

நிரூபா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"முப்பது வருசமா இந்தக் காரில ஒருத்தரும் கையே வைக்கேல்லையாம் அம்மா, அதுக்குத்தானாம்."